நிமிர்நடைத் திட்டமும் ஒரு சவுக்குக் கழியும்

அளத்துமேட்டில் வயதானவர்கள் கீழே விழுவதைத் தடுத்தே தீருவது என்று மேலிடத்தில் முடிவானபோது, எங்கள் ஊரில் அதுவரை விழாமல் இருந்த ஒரே கிழவர் அப்பாவுதான். திட்டம் வெற்றிகரமாக நிறைவேறியபோது அவரும் விழுந்திருந்தார். நடுவில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். யாரையும் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் தங்கள் கடமையைச் செய்தார்கள், அதற்கான படங்களும் அவர்களிடம் இருக்கின்றன.

அப்பாவு மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாரியே காலத்தை ஓட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, உப்பளத்தை ஒட்டிய தொகுப்பு வீட்டில் தனியாக இருந்தார். தனியாக என்று பெயர்தானே தவிர, வேலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் அவர் வாசலில் நின்று தண்ணீர் குடித்து, பீடி பற்றவைத்து, முதலாளியைத் திட்டிவிட்டுத்தான் போவார்கள். நினைத்த நேரத்துக்கு டீ போட்டுக் குடிப்பார். பிடிக்காத பாட்டு வந்தால் ரேடியோவை நிறுத்துவார். இதைவிடப் பெரிய சுதந்திரம் எதையும் அவர் கேட்டதில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கழிவறை இருந்தது. அது வேறொரு திட்டத்தின் சாதனை. எங்கள் ஊரில் கொஞ்சம் தோண்டினாலே உப்புத் தண்ணீர் ஊறும் என்பதால் அதை நெஞ்சுயர மேடையில் கட்டி, ஏறிப் போகச் செங்குத்தாகப் படி வைத்தார்கள். கைப்பிடி வைக்கவில்லை. கைப்பிடிக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவு ஒரு சவுக்குக் கழியைக் கொண்டுவந்து படியோரமாக நட்டு, அடியில் கல் கொடுத்து இறுக்கினார். அதைப் பிடித்து ஏறுவார், அதைப் பிடித்து இறங்குவார்.

விழாமல் இருப்பது அவருக்கு உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. வானூரில் கட்டிக்கொடுத்த மகள் ரேகா தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்: "ஒருவாட்டி விழுந்தன்னு வச்சிக்கோ, அவ்ளோதாம்பா. வூட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும். வந்து வந்து பாக்க என்னால முடியாது."

ரேகா நல்ல பெண். ஆனால் அவள் வீட்டில் இருப்பது இரண்டு அறை. அதில் ஒன்றில் அவளுடைய மாமியார், டிவியோடு. அப்பாவுக்குக் கிடைக்கக்கூடியது நடுவில் இருக்கிற நடை. அங்கே கட்டிலைப் போட்டால், ஒருவர் குறுக்கே போக வேண்டுமென்றால் அவர் காலை மடக்க வேண்டும். "செத்தாலும் என் வூட்ல சாவறேன், அந்த நடையில படுத்துக் காலை மடக்க மாட்டேன்" என்று எங்களிடம் அவர் சொன்னதுண்டு. ஆக, அவர் விழாமல் இருக்கும் வரைதான் அவருக்கு வீடு.

இந்த நிலையில்தான் நிமிர்நடை இயக்கம் எங்கள் ஊருக்கு வந்தது.

தொடக்க விழா புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் முன்னால் நடந்தது. காலையிலேயே பெரியவர்களை வரச் சொல்லிவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் உச்சி வெயிலுக்குத்தான் வந்தார். உட்கார்ந்திருந்தால் படத்தில் நிமிர்நடை தெரியாது என்று பெரியவர்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். நின்றதில் இரண்டு பேர் மயங்கிச் சரிந்தார்கள். இயக்கத்தின் பெயருக்கு இழுக்கு வந்துவிடுமோ என்று நாங்கள் பதறினோம். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அது வெயிலால் வந்த மயக்கம், வேறு துறையைச் சேர்ந்தது என்று விளக்கம் சொன்னார்கள்.

பிறகு இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் விஜயகுமார் மைக்கைப் பிடித்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, மலர்ந்த முகம்.

"அன்பார்ந்த பெரியோர்களே! நீங்கள் ஏன் விழுகிறீர்கள்? இந்தக் கேள்வி எங்களைத் தூங்கவிடவில்லை. இதை ஆராய்வதற்காக நானும் என் சக அலுவலர்களும் குளிர்ச்சியான மலைப் பிரதேசம் ஒன்றில் குடும்பத்தோடு தங்கிப் பயிலரங்கு நடத்தினோம். அங்கே ஓர் உண்மையைக் கண்டறிந்தோம். விழுகிறவர்கள் அத்தனை பேரும் தரையில்தான் விழுகிறார்கள்!"

கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம்.

"என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு முறைகூட விழுந்ததில்லை. என் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் ஓடாத நாளில் நான் அலுவலகத்துக்கே போவதில்லை. அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கும் வர வேண்டும். இன்னொன்றையும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இத்திட்டத்துக்கு வந்த நிதியில் ஒரு பைசாவைக்கூடக் கம்பி, சிமெண்ட் என்று வீணாக்கவில்லை. முழுவதையும் விழிப்புணர்வுக்கே செலவிட்டிருக்கிறோம். இந்தப் பந்தலே அதற்குச் சாட்சி!"

பந்தல் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மேடையில் இருந்தவர்கள் மேல் ஒரு பொட்டு வெயில் படவில்லை.

எல்லோரும் வலது கையை நீட்டி, "நான் இனி விழமாட்டேன் என உளமார உறுதி கூறுகிறேன்" என்று சொன்னோம். கூட்டம் கலைகிற நேரத்தில் அப்பாவு விஜயகுமாரிடம் போய், "சார், கக்கூசுப் படிக்கு மட்டும் ஒரு கைப்பிடி வச்சிக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார். "சர்வேல வரும் ஐயா, எல்லாம் சர்வேல வரும்" என்றபடி விஜயகுமார் காரில் ஏறினார். ஏறும்போது டிரைவர் அவர் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

சர்வே வந்தது. கையில் டேப் என்கிற கையடக்கக் கணினியோடு வந்த பெண்ணின் பெயர் சூர்யகலா. ஒப்பந்த வேலை, நாளெல்லாம் வெயிலில் அலைச்சல். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்த டேப்பின் மேல்தான்.

"தாத்தா, போன வருஷம் எத்தினி வாட்டி விழுந்தீங்க?"

"விழலம்மா. கழியப் புடிச்சிக்கிறேன் இல்ல? ஆனா அடியில உப்புத் தண்ணி அரிக்குது. கழி எத்தினி நாளைக்குத் தாங்கும்? அதான் நல்லதா ஒரு கைப்பிடி கேட்டேன்."

"கைப்பிடி வேணும்னா நீங்க ஹை ரிஸ்க்ல வரணும் தாத்தா. ஹை ரிஸ்க்ல வரணும்னா விழுந்திருக்கணும்."

"விழுந்து இடுப்பு உடைஞ்சப்புறம் படியே ஏற மாட்டேனே. கைப்பிடி எதுக்கு?"

சூர்யகலா டேப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். "அந்தக் கேள்வி இதுல இல்ல தாத்தா."

"சரிம்மா, விழுந்தேன்னே போட்டுக்கோ."

"அப்ப போட்டோ அப்லோட் பண்ணணும். விழும்போது எடுத்தது. விழுந்தப்புறம் எடுத்தா ஒத்துக்காது, படுத்திருக்காருன்னு ரிஜெக்ட் பண்ணிடுது."

"நான் ஒண்டி ஆளு. விழும்போது யாரும்மா போட்டோ எடுப்பாங்க?"

"ஒண்டியா இருக்கறவங்களுக்குத்தான் தாத்தா இந்த ஸ்கீமே" என்றாள் அவள், உண்மையான வருத்தத்தோடு.

கடைசியாக ஒரு சோதனை இருந்தது. ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். உப்பளக்காரர்களுக்கு அது சோதனையே இல்லை. பாதத்தில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட ஒரு காலில் நின்றே பழகியவர்கள். அப்பாவு நின்றார். போதும் தாத்தா, போதும் என்று அவள் சொல்லும் வரை நின்றார். 'ஆபத்து இல்லை' என்று திரையில் வந்தது. சூர்யகலா கை கொடுத்து வாழ்த்தினாள். கைப்பிடி போயிற்று.

அதோடு விட்டிருந்தால் அப்பாவு கழியைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருப்பார். ஆனால் அளத்துமேட்டை முன்மாதிரிக் குடியிருப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தேர்ந்தெடுத்தால் தணிக்கை உண்டு. தடுக்கி விழ வைக்கும் பொருள் எதுவும் வீட்டிலோ சுற்றுப்புறத்திலோ இருக்கக் கூடாது என்பது விதி. தணிக்கைக்கு விஜயகுமாரே வந்தார். வீட்டைச் சுற்றிவிட்டுப் பின்பக்கம் போனவர் கழியைப் பார்த்து நின்றார்.

"இது என்ன?"

"கழி சார். புடிச்சிக்கிறதுக்கு."

"அப்ரூவல் இருக்குதா?"

"கழிக்கா சார்?"

"ஐயா, தடுக்கி விழக்கூடிய பொருள்ல இது முதல் நம்பர். படிக்கட்டுப் பக்கத்துல இப்படி ஒண்ணு நிக்குது, நீங்க பாட்டுக்கு வர்றீங்க, இடிச்சிக்கறீங்க, விழறீங்க. யார் பொறுப்பு?"

"இதைப் புடிச்சிதான் சார் நான் விழாம இருக்கறேன்."

"அது உங்க அனுபவம். விதின்னு ஒண்ணு இருக்குது பாருங்க." விஜயகுமார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்லது சொல்கிறவர் குரல் அது. "அது மட்டும் இல்ல. இந்த டாய்லெட்டோட போட்டோ சேட்டிலைட்ல பதிவாகி இருக்குது. அந்தப் போட்டோல கழி இல்ல. இப்ப இருக்குது. அப்ப இது வேற டாய்லெட்னு ஆயிடும். உங்க டாய்லெட் எங்கன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

பக்கத்து வீட்டு சிங்காரம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அவருக்குப் பொறுக்கவில்லை. "சார், கழி வாணாம்னா வுடுங்க. நான் நாளைக்கே ஒரு பைப்பு வெல்டிங் பண்ணி வச்சிடறேன். காசுகூட வாணாம்."

"காசு வாங்காம செஞ்சா அதுக்குப் பில் கிடையாது. பில் இல்லாத கைப்பிடியை எப்படி நம்பறது? அதைப் புடிச்சி ஒரு பெரியவர் ஏறலாமா?" என்று கேட்டார் விஜயகுமார்.

அவரோடு வந்த இரண்டு ஆட்கள் கழியைப் பிடுங்கினார்கள். எங்கள் ஊரில் ஓர் அரசு வேலை இவ்வளவு சுறுசுறுப்பாக நடந்து நாங்கள் பார்த்ததில்லை. சாலை கேட்டு மனுக்கொடுத்து எங்கள் பிள்ளைகளுக்கே நரை வந்துவிட்டது. கழியை அங்கே போட்டுவிட்டுப் போனால் யாராவது தடுக்கி விழுவார்கள் என்று வந்த ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவும் ஏதாவது நட்டால் முதியோர் உதவித்தொகையை நிறுத்தப் பரிந்துரை போகும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அப்பாவு கழி இருந்த குழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. "விழக் கூடாதுன்னுதான சொல்றாங்க? நானும் அதத்தான சொல்றேன்?" என்று சிங்காரத்திடம் கேட்டார்.

கழிக்குப் பதிலாகச் செருப்பு கொடுத்தார்கள். நீல நிறம், கனத்த ரப்பர், எந்த ஈரத்திலும் தரையை விடாமல் கவ்வும். எழுந்தது முதல் படுப்பது வரை போட்டிருக்க வேண்டும் என்று சூர்யகலா சொல்லி, போட்டிருக்கும்போது படமும் எடுத்துக்கொண்டாள்.

இதில் ஒரு சின்ன சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் உப்பளத்து வரப்பில் யாரும் செருப்புக் காலோடு ஏற மாட்டோம். நாலு பேர் வாயில் போடுகிற உப்பு. அதனால் செருப்பு இருப்பவர்கள் வரப்புக்குக் கீழேயே கழற்றி விட்டுவிட்டுத்தான் மேலே கால் வைப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கால் தானாகச் செய்யும். அப்பாவு அதுவரை செருப்பே போடாதவர். ஆனாலும் மற்றவர்கள் கழற்றுவதைக் காலமெல்லாம் பார்த்தவர். உயரமாக எதைக் கண்டாலும் அவர் கீழே செருப்பைக் கழற்றினார். மளிகைக் கடைப் படிக்குக் கீழே கழற்றினார். பஸ்ஸில் ஏறும்போது கழற்றி, கூனிமேடு வரை வெறுங்காலோடு போய், செருப்பைத் தேடி அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

இதற்குள் ஊர் முகப்பில் பலகை நட்டுவிட்டார்கள். 'முதியோர் வீழ்ச்சியற்ற முன்மாதிரிக் குடியிருப்பு.' அதற்குப் பிறகு எங்கள் ஊரில் விழுவது மிகவும் கஷ்டமாகிவிட்டது. முத்தம்மாள் என்ற கிழவி குழாயடியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, கட்டுப்போடுவதற்கு முன்பே விஜயகுமார் வந்து சேர்ந்தார். விழுதல் என்றால் தன் விருப்பம் இல்லாமல் தரையை அடைதல் என்று வரையறையைப் படித்துக் காட்டினார்.

"நீங்க தண்ணி புடிக்கக் குனிஞ்சீங்க. அப்ப கீழ போற எண்ணம் உங்களுக்கு இருந்திருக்குது. கரெக்டா?"

"கொடத்தத் தூக்கக் குனிஞ்சேன் சார்."

"அதான். நீங்க விழல. உக்காந்திருக்கீங்க. கொஞ்சம் வேகமா உக்காந்துட்டீங்க."

வலியில் முத்தம்மாளுக்கு வாதாடத் தெம்பில்லை. உட்கார்ந்ததாக எழுதியிருந்த தாளில் உடையாத கையால் ரேகை வைத்தாள்.

அப்பாவு விழுந்தது லேசாகத் தூறிய ஒரு காலையில். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, மேல் படியில் கையூன்றி எப்படியோ ஏறிவிட்டார். இறங்கும்போது கை பழக்கத்தில் கழியைத் தேடிக் காற்றைப் பிடித்தது. கால் செருப்பின் மேல் இறங்கியது. செருப்பை நான் குறை சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்தபடி அது ஓர் இம்மியும் வழுக்கவில்லை. தரையை அப்படியே கவ்விக்கொண்டு நின்றது. அதன் மேல் அப்பாவுவின் கால்தான் புரண்டது.

சத்தம் கேட்டு சிங்காரமும் நானும் ஓடினோம். ஒரு காலைத் தாறுமாறாக மடக்கிக் கிடந்தார். முகமெல்லாம் சேறு. அவர் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை.

"ரேகாவுக்குச் சொல்லாதீங்கடா" என்றார். "நான் உக்காந்தேன்னு சொல்லுங்க. வேகமா உக்காந்துட்டேன்னு சொல்லுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாதமாக இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். கழியைப் பிடுங்கிய அன்று ஜீப்புக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்களில் நானும் ஒருவன்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வயதையும் சர்க்கரையையும் சொல்லி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். நடப்பாரா என்றதற்கு, பார்க்கலாம் என்றார் டாக்டர். ரேகா வந்தாள். அழுதுகொண்டே பாத்திரங்களை எடுத்துக் கட்டினாள், ரேடியோவை சிங்காரத்திடம் கொடுத்தாள், வீட்டைப் பூட்டினாள். வானூரில் அந்த நடையிலேயே கட்டில் போடப்பட்டது. காலை மடக்க வேண்டும் என்ற பிரச்சினை மட்டும் இல்லை, மடக்க முடியாது. குறுக்கே போகிறவர்கள் கட்டிலை இடித்துக்கொண்டு போனார்கள்.

நானும் சிங்காரமும் பார்க்கப் போயிருந்த அன்று விஜயகுமாரும் சூர்யகலாவும் வந்தார்கள். முன்மாதிரிக் குடியிருப்பில் இப்படி நடந்ததில் விஜயகுமாருக்குக் கொஞ்ச நாள் தூக்கம் போயிருந்ததாம். வந்தபோது அந்தக் கவலை முகத்தில் இல்லை.

"விசாரணை முடிஞ்சிடுச்சிங்க" என்றார் ரேகாவிடம். "செருப்பு குடுத்திருக்கோம். சம்பவ நேரத்துல கால்ல செருப்பு இல்ல. அதனால திட்டத்து மேல தப்பு இல்ல. ஐயா மேலயும் நாங்க நடவடிக்கை எடுக்கப் போறதில்ல. பெரிய மனசு பண்ணி விட்டுட்டோம்."

"அந்தக் கழிய வுட்டிருந்தீங்கன்னா…" என்று சிங்காரம் ஆரம்பித்தார். விஜயகுமார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நடந்தது நடந்துபோச்சி. இதுல ஒரு நல்ல விஷயம் பாருங்க. இத்தனை வருஷமா நாங்க வழி தேடிக்கிட்டிருந்தோம். செருப்பு குடுத்தோம், உறுதிமொழி குடுத்தோம், எவ்ளோ செஞ்சாலும் இவங்க விழுந்துக்கிட்டே இருந்தாங்க. ஐயாவப் பாத்ததும்தான் எனக்குப் பளிச்சினு பட்டுச்சி. இனிமே இவர் விழ வாய்ப்பே இல்ல. மாவட்டத்துலயே முழுப் பாதுகாப்புல இருக்கற முதல் பெரியவர் இவர்தான். அடுத்த பயிலரங்குல இவரைப் பத்திதான் பேசப் போறேன்."

அவர் சொன்னதில் கேலி இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், உண்மையாகவே சந்தோஷப்பட்டார். சால்வை ஒன்றை விரித்து, தோளில் போட வழியில்லாததால் அப்பாவுவின் வயிற்றின் மேல் போர்த்தினார்.

அப்பாவு மெதுவாகக் கேட்டார். "சார், எலும்பு கூடிச்சின்னா நான் என் வூட்டுக்குப் போலாமா?"

"எதுக்கு ஐயா? நல்லா வந்திருக்கற நேரத்துல அதக் கெடுத்துக்காதீங்க" என்றார் விஜயகுமார், அவர் கையைத் தட்டிக்கொடுத்து.

அவர் காருக்குப் போன பிறகு சூர்யகலா தயங்கி நின்றாள். டேப்பில் ஒரு விவரம் நிரப்பாமல் இருந்ததாம், அது இல்லாமல் கோப்பு மூடாதாம். உள்ளே மாமியாரின் டிவி அலறிக்கொண்டிருந்தது. ரேகா அடுப்படிக்குப் போக வழி கேட்டு நின்றுகொண்டிருந்தாள். பேரன் கட்டிலில் புத்தகப் பையைச் சாய்த்து வைத்திருந்தான். சிங்காரமும் நானும் சுவரோடு ஒட்டி நின்றோம்.

"தாத்தா, நீங்க தனியா இருக்கீங்களா?"

அப்பாவு எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"இப்பத்தாம்மா தனியா இருக்கறேன்" என்றார்.

சூர்யகலாவின் விரல் கொஞ்ச நேரம் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு அவளும் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, 'இல்லை' என்பதை அழுத்தினாள். ஆப் ஏற்றுக்கொண்டது.